ஒரு ஏக்கர் சூப்பர் நேப்பியர் பத்து மாட்டுக்குப் போதுமா?

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று ஏக்கர் செம்மண் நிலம், ஐந்து கலப்பினக் கறவைகள், ஒரே ஒரு போர்வெல். மழைக்காலத்தில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வருகிறது. பங்குனி பிறந்தால் அரை இஞ்சுக்கு இறங்கிவிடுகிறது, அதுவும் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. ஒரு ஏக்கரில் சூப்பர் நேப்பியர் என்ற தீவனப்புல்லை நட்டால் பத்து மாட்டுக்கு வருஷம் முழுவதும் பசுந்தீவனம் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். மூன்று ஏக்கரிலும் அதையே நட்டு, கடன் வாங்கி இன்னும் ஐந்து மாடு பிடிக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

இது புல்லைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் இவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: மாசியிலிருந்து ஆனி வரைக்கும் மாட்டுக்கு முன்னால் என்னத்தைப் போடுவது? ஆடிக்கு மேல் நம் ஊரில் எந்தப் புல்லும் வளரும். கோடைக்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தப் புல், எத்தனை சென்ட், எத்தனை மாடு என்பதெல்லாம் தானாகவே அமைந்துவிடும். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு பக்கத்து மருந்தகங்களில் 28 வருடம் கால்நடை மருத்துவராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு நானும் நாலு மாடு வைத்திருக்கிறேன். நான் சொல்வது இந்த வட்டாரத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

முதலில் அந்த வீடியோ கணக்கைப் பார்ப்போம். அது பொய்யல்ல. அதே நேப்பியர் இனத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர், முழுப் பாசனத்தில் ஹெக்டேருக்கு வருஷத்தில் 375 முதல் 400 டன் வரை தரும் என்று பரிந்துரையிலேயே இருக்கிறது. ஏக்கருக்கு அது 150 டன்னுக்கு மேல். ஒரு மாட்டுக்குத் தினம் 25 கிலோ என்றால் வருஷத்துக்கு ஒன்பது டன் சொச்சம். ஆக, காகிதத்தில் பத்து மாடு என்ன, பதினாறு மாட்டுக்கே போதும். ஆனால் அந்த 150 டன்னுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வருஷத்தில் 52 வாரமும் தண்ணீர் கட்ட வேண்டும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது யூரியாவாகக் கொடுத்தால் 65 கிலோ போட வேண்டும். நம் ஊரில் தண்ணீர் இல்லாத ஐந்து மாதத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தால்தான் நமக்கான எண் கிடைக்கும்.

சூப்பர் நேப்பியர் என்று விற்கப்படுவது தாய்லாந்தின் பக்சோங் என்ற ஊரில் உருவாக்கப்பட்ட வகை. நல்ல புல்தான், கரணை கரணையாகத் தடித்து உயரமாக வளரும். ஆனால் அதற்கும் கோ 4, கோ 5 வகைகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், தண்ணீர் இருக்கும் நிலத்துக்கும் இல்லாத நிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் முன்னால் மிகச் சிறியது. 18 சதவீதம் புரதம் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். இந்த வகைப் புல்லில் 45 நாளில் அறுத்தால் 8 முதல் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 70 நாள் விட்டால் அதுவும் இருக்காது, தண்டு கட்டையாகிவிடும், மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டு மீதியைக் காலில் போட்டு மிதிக்கும். கரணை வாங்க அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பக்கத்தில் யாராவது கோ 4 வைத்திருந்தால் அவர்களிடம் ஒரு சாக்கு கேளுங்கள். இது ஒட்டுப்புல், விதையில் வராது, இரண்டு கணு உள்ள கரணையை நட்டால் போதும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். 'அரை இஞ்ச்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஒரு 200 லிட்டர் ட்ரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இதை இந்தப் பங்குனி, சித்திரையிலேயே செய்ய வேண்டும், ஐப்பசியில் செய்து பயனில்லை. ஐந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2,400 லிட்டர், ஐந்து மணி நேரத்துக்கு 12,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு ஏக்கரை ஒரு சுற்று நனைக்கவே பதினாறு, பதினேழு நாள் ஆகும். நேப்பியர் கோடையில் ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்கும். அதனால் உங்கள் போர் கோடையில் உயிரோடு வைத்திருக்கக்கூடிய நேப்பியர் அரை ஏக்கர்தான். ஐந்து மாட்டுக்குக் குடிக்கவும் கழுவவும் தினம் 500, 600 லிட்டர் போகும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். சொட்டு நீர் போட்டால் கொஞ்சம் கூடுதலாகச் சமாளிக்கலாம். ஆனால் அந்தக் கூடுதலை நம்பி நிலத்தைப் பெருக்காதீர்கள், அதைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஏக்கரிலும் நட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தது. அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் நேப்பியர் வைத்திருந்தவர்கள்தான் முதலில் தவித்தார்கள். கொல்லை முழுக்கப் புல்லைப் போட்டுவிட்டதால் வீட்டில் வைக்கோல் போரும் கிடையாது, கடலைக்கொடியும் கிடையாது. புல் காய்ந்ததும் கையில் ஒன்றுமே இல்லை. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் கறவை மாடுகளை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கன்று போட்டு ஒரு மாதம் ஆன மாட்டைக்கூட ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதே ஊரில் அரை ஏக்கர் புல்லும் ஒரு நல்ல வைக்கோல் போரும் வைத்திருந்த வீடுகளில் பால் குறைந்ததே தவிர மாடு நின்றது.

நம் மாவட்டத்தை மழையே இல்லாத பூமி என்று சொல்வது சரியல்ல. பழைய வடாற்காடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. தென்மேற்கும் கொடுக்கிறது, வடகிழக்கும் கொடுக்கிறது. பிரச்சினை என்னவென்றால் அது ஆனியிலிருந்து கார்த்திகைக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. தையிலிருந்து வைகாசி வரைக்கும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பாலாற்றில் மணல்தான் தெரிகிறது, கவுண்டன்யா ஆற்றில் மோர்தானா அணை நிரம்பினால்தான் தண்ணீர். அதனால் மழை இருக்கும் ஆறு மாதத்தில் விளைவதைச் சேர்த்து வைத்து, மழை இல்லாத ஐந்து மாதத்துக்குப் போடுவதுதான் இங்கே தீவன உற்பத்தி. நம் தாத்தாக்கள் அதைத்தான் செய்தார்கள். ஒரு வீட்டுக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் வைக்கோல் போரின் உயரத்தைப் பார்த்த காலம் ஒன்று உண்டு.

உங்கள் மூன்று ஏக்கரை நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். கொட்டகைக்குப் பக்கத்தில், போர் தண்ணீர் எட்டும் இடத்தில், 50 சென்ட் கோ 4 அல்லது கோ 5. அதை 45 பாகமாகப் பிரித்து, தினம் ஒரு பாகம், அதாவது ஒரு சென்டுக்குக் கொஞ்சம் மேல் அறுத்து வாருங்கள். கடைசிப் பாகத்தை அறுக்கும்போது முதல் பாகம் மறுபடி தயாராக இருக்கும். தரையோடு மழிக்காமல் நாலைந்து அங்குலம் விட்டு அறுங்கள். கொட்டகை கழுவும் தண்ணீரும் மூத்திரமும் வாய்க்காலாக நேரே அந்தப் பாத்திக்குப் போகட்டும், உரச்செலவில் நல்ல பங்கு மிச்சமாகும். பாதித் தண்ணீரில் பாதி விளைச்சல் என்று வைத்தாலும் இந்த 50 சென்டில் வருஷத்துக்கு 40 டன் எதிர்பார்க்கலாம். சராசரியாக மாட்டுக்குத் தினம் 20 கிலோ. மழைக்காலத்தில் இதைவிடக் கூடுதலாக வரும், கோடையில் குறையும்.

அடுத்த ஒரு ஏக்கரில் ஆடியில் முதல் நல்ல மழைக்குத் தீவனச் சோளம். கோ 29, இல்லையென்றால் அதற்குப் பிறகு வந்த கோ 31. இரண்டும் மறுதாம்பு விடும், அதாவது அறுத்த அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் சோளம். ஏக்கருக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோ விதை போதும். மூன்று வரிசைச் சோளத்துக்கு ஒரு வரிசை காராமணி கலந்து போடுங்கள். முதல் அறுப்பு 65, 70 நாளில், அப்புறம் 50 நாளுக்கு ஒன்று. பாசனம் இருந்தால் வருஷத்தில் ஆறேழு அறுப்பு வரும். மானாவாரியில் இரண்டு உறுதி, மார்கழியில் ஈரம் நின்றால் மூன்று.

சோளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இளம் சோளப் பயிரிலும், வறட்சியில் வாடிப்போய் மழைக்குப் பிறகு திடீரென்று துளிர்த்த தாம்பிலும், ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் உண்டாகும். ஒரு முறை காலை எட்டு மணிக்கு ஓடி வந்து கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மாடு விழுந்து கிடந்தன. மூன்றாவது வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் பெய்த மழைக்குத் தளிர்விட்ட சோளக்கொல்லையில் கட்டு அவிழ்ந்து மேய்ந்திருக்கின்றன. சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் நரம்பில் போட்டு மூன்றாவதைக் காப்பாற்றினேன். மற்ற இரண்டுக்கும் நேரம் இருக்கவில்லை. இந்த விஷத்தில் சில நிமிடங்கள்தான் நம் கையில் இருக்கும். பூக்கும் பருவத்துக்கு முன்னால் சோளத்தை அறுத்துப் போடாதீர்கள். வாடிய பயிரைப் போடவே போடாதீர்கள். தாம்பு விட்ட கொல்லைப் பக்கம் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். காயவைத்த தட்டிலும் காற்றுப் புகாமல் மூடி நன்றாகப் புளிக்கவைத்த சைலேஜிலும் இந்த விஷம் வெகுவாகக் குறைந்துவிடும்.

புரட்டாசியில் வரும் முதல் அறுப்பை அப்படியே சைலேஜாக, அதாவது ஊறுகாய்ப் புல்லாகப் போடுங்கள். ஐப்பசி அடைமழையில் குழி போட முடியாது, அதனால் புரட்டாசிதான் சரி. பத்தடி நீளம், எட்டடி அகலம், ஐந்தடி ஆழம் இருந்தால் ஆறு டன் கொள்ளும். ஐந்து மாட்டுக்குத் தினம் பத்து பத்து கிலோ என்று 120 நாளுக்கு வரும். மேட்டில் குழி எடுங்கள், தண்ணீர் ஊறக் கூடாது. பால் பிடிக்கும் பருவத்தில் சோளத்தை அறுத்து, அரை நாள் வாடவிட்டு, ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, அடுக்கடுக்காகப் போட்டு மிதிக்க வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. டிராக்டர் ஏற்றி மிதித்தால் நல்லது, இல்லையென்றால் நாலு பேர் நாள் முழுக்க மிதிக்க வேண்டும். காற்று உள்ளே இருந்தால் அழுகும், விஷயம் அவ்வளவுதான். மேலே தார்ப்பாய் போட்டு மண்ணை அள்ளி மூடி, 45 நாள் கழித்துத் திறங்கள். பழம் புளித்த மாதிரி வாசனையும் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இருந்தால் சரியாக வந்திருக்கிறது. வெண்ணெய் கெட்ட வாடை அடித்தாலோ பூஞ்சை பிடித்திருந்தாலோ அந்தப் பகுதியை எடுத்து எருக்குழியில் போடுங்கள். நேப்பியரை சைலேஜ் போடுவதானால் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லப்பாகு சேர்க்க வேண்டும், அதில் சர்க்கரை குறைவு.

இன்னொரு ஏக்கர் மல்லாட்டைக்கு. உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, வேர்க்கடலை நம் மாவட்டத்துப் பயிர். ஆனால் கடலை விலை சரியில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடலையை மட்டும் கணக்குப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கொடியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம். நன்றாகக் காய்ந்த, இலை உதிராத கடலைக்கொடியில் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. மாடு அதை விரும்பித் தின்னும். மானாவாரியில் ஒரு ஏக்கருக்கு ஒரு டன் அளவில் கிடைக்கலாம், மழையைப் பொறுத்தது. இலைப்புள்ளியும் துருவும் வந்தால் இலை கொட்டிப் போய் வெறும் காம்புதான் மிஞ்சும். அதனால் நோய்க்கு மருந்து அடிப்பது காய்க்காக மட்டுமில்லை, கொடிக்காகவும்தான். மருந்து டப்பாவில் சொல்லியிருக்கும் நாள் கழியாமல் அந்தக் கொடியை மாட்டுக்குப் போடக் கூடாது.

கடலைக்கொடியில் நாம் தோற்பது காயவைப்பதில். ஆனியில் விதைத்தால் புரட்டாசிக் கடைசியில், ஐப்பசியில் பிடுங்குகிறோம், அப்போதுதான் மழை. நனைந்த கொடியை அப்படியே குவித்துவிட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். பசி தாங்காத மாடு தின்றுவிடுகிறதே என்பதற்காக அதைக் கொடுக்கக் கூடாது. நான் செய்வது இது: பிடுங்கிய கொடியைச் சிறு சிறு கட்டாகக் கட்டி வரப்பு மேல் தலைகீழாக நிறுத்தி வைக்கிறேன். வெயில் வந்த நாளில் திருப்பி விடுகிறேன். மழை வந்தால் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் தட்டியைப் போட்டு மூடுகிறேன். காம்பை முறித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். அப்புறம் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல்லும் கட்டையும் அடுக்கி, அதன் மேல் போர் வைக்க வேண்டும். கரையான் ஏறாது, அடியில் காற்று ஓடும். கடலை பிடுங்கிய நிலத்தில் ஈரம் இருக்கும்போதே கொள்ளு தெளித்துவிடுங்கள். தையில் கொள்ளும் கிடைக்கும், அதன் பொட்டும் கிடைக்கும்.

மிச்சம் இருக்கும் 50 சென்ட் அநேகமாகக் கல்லு மேடாக இருக்கும், எல்லார் நிலத்திலும் அப்படி ஒரு மூலை உண்டு. அதில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும். இரண்டும் வறட்சி தாங்கும். ஒரு மழைக்குத் துளிர்க்கும், வெயிலில் வாடினாலும் வேர் சாகாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால். கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி பறக்கும், ஈர மணலோடு கலந்து தூவுங்கள். அறுவடையான புது விதை முளைக்காது, ஆறேழு மாதமாவது பழைய விதையாக இருக்க வேண்டும். விளைச்சல் நேப்பியருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கட்ட வேண்டியதில்லை, ஒரு முறை பிடித்துக்கொண்டால் சில வருஷம் தானாக நிற்கும். முதல் வருஷம் மட்டும் மேய விடாதீர்கள்.

வரப்பைச் சும்மா விடாதீர்கள். அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் என்கிற சூபாபுல், மூன்றையும் மூன்றடிக்கு ஒன்றாக வையுங்கள். மரத்தின் வேர் போகும் ஆழத்துக்குப் புல்லின் வேர் போகாது. சித்திரையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சையாக இருப்பது இந்த வரப்புதான். அகத்தியை மொட்டையடிக்காதீர்கள், பட்டுப்போகும், பக்கக் கிளையை மட்டும் ஒடியுங்கள். சவுண்டல் எவ்வளவு வெட்டினாலும் வரும். ஆனால் அதில் மிமோசின் என்ற ஒன்று இருக்கிறது, அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நேப்பியர் பாத்தி ஓரத்தில் பத்து சென்ட் வேலிமசாலும் போடலாம், புரதம் அதன் இலையில்தான் நிறைய. அதன் விதைத் தோல் கடினமானது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூன்று நாலு நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி விதையுங்கள். இல்லையென்றால் பாதி விதை மண்ணிலேயே கிடக்கும்.

இவ்வளவு செய்தாலும் உலர்தீவனம் வெளியில் வாங்க வேண்டியிருக்கும், அதை மறைத்துப் பேசக் கூடாது. 400 கிலோ எடையுள்ள மாட்டுக்குத் தினம் 10 முதல் 12 கிலோ உலர்சத்து உள்ளே போக வேண்டும். 25 கிலோ நேப்பியரில் 20 கிலோ தண்ணீர், உலர்சத்து ஐந்து கிலோதான். மீதி வைக்கோலிலிருந்தும் கலப்புத் தீவனத்திலிருந்தும் வர வேண்டும். ஐந்து மாட்டுக்கு ஆறு கிலோ வீதம் 150 நாள் என்றால் நாலரை டன், சேதாரத்தோடு ஐந்து டன். ஒரு டன் உங்கள் கடலைக்கொடி. கொள்ளுப் பொட்டும் சோளத்தட்டும் கொஞ்சம் சேரும். மூன்று டன்னுக்கு மேல் வைக்கோல் வாங்க வேண்டும். தை, மாசியில் அறுப்பு நடக்கும்போதே கழனிக்காரரிடம் பேசி எடுத்துவிடுங்கள். சித்திரையில் அதே கட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் வயிறெரியும். ஜவ்வாது மலைப்பக்கமிருந்து கேழ்வரகுத் தாள் கிடைத்தால் விடாதீர்கள், வைக்கோலைவிடச் சத்து அதிகம்.

வைக்கோலை யூரியாவில் பதப்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், பலன் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது ஆறப்போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. யூரியாவை நேரடியாகத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து மாடு செத்த வீட்டுக்கும் போயிருக்கிறேன். அளவில் சந்தேகம் இருந்தால் செய்யாமலே விட்டுவிடுங்கள்.

நேப்பியரை மட்டும் மாதக்கணக்கில் போடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஆக்சலேட் அதிகம், வைக்கோலிலும் உண்டு. அது உடலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராமாவது கொடுங்கள். அதேபோல, பசுமையே இல்லாமல் நாலைந்து மாதம் வெறும் வைக்கோலில் ஓட்டினால் வைட்டமின் ஏ குறைந்து, மாடு பருவத்துக்கு வந்தாலும் சினை பிடிக்காது, கன்று கண் தெரியாமல் தடுமாறும். சினை நிற்கவில்லை என்று ஊசிக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டு வருபவர்களில் எத்தனையோ பேருக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்து தினம் ஐந்து கிலோ பச்சைத் தழைதான்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானவை. இனி வருபவை அப்படி அல்ல. மண்ணில்லாமல் தட்டில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் முளைத்தீவனத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யச் சொல்கிறார்கள். ஒரு கிலோ மக்காச்சோளம் ஆறேழு கிலோ ஆகிறது என்பது உண்மை. ஆனால் கூடுவது தண்ணீர். உலர்சத்தைப் பார்த்தால் முளைக்கும்போது ஒரு பகுதி குறைந்துதான் போகிறது. நிலமே இல்லாதவருக்கு ஒருவேளை உதவலாம், மூன்று ஏக்கர் இருப்பவருக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். தொட்டித் தண்ணீரில் வளர்க்கும் அசோலா நல்லதுதான், தினம் ஒன்றிரண்டு கிலோ கொடுக்கலாம், புண்ணாக்கில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் நிழல் இல்லாத தொட்டியில் அது நிற்காது. அதை நம்பி மாட்டின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. மானாவாரிச் சோளம் ஒரு வருஷம் ஏழு டன் கொடுக்கும், இன்னொரு வருஷம் மூன்று டன்னோடு நிற்கும். அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தர மாட்டேன். மண் பரிசோதனை, உர அளவு போன்றவற்றில் என் பேச்சைவிட விரிஞ்சிபுரத்தில் இருக்கும் உழவியல் ஆட்களின் பேச்சுதான் செல்லும். நான் படித்தது மாட்டை.

உங்கள் ஊருக்கு இது பொருந்தாது என்றாலும், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். உப்பு ஏறிய தண்ணீரில் நேப்பியர் ஓரளவு வளரத்தான் செய்யும். வளர்கிறது என்பதால் அது மாட்டுக்கு நல்லது என்று ஆகிவிடாது. தண்ணீரைப் பரிசோதிக்காமல் அங்கே புல் நட வேண்டாம்.

சரி, இன்னும் ஐந்து மாடு வாங்கலாமா? இந்த வருஷம் வேண்டாம். நான் மேலே போட்ட கணக்கில் உங்கள் நிலமும் தண்ணீரும் ஐந்து மாட்டையும் அவற்றின் கன்றுகளையும் தாங்கும், நல்ல மழை வருஷத்தில் ஆறு. பத்து மாடு என்றால் பாதித் தீவனம் கடையிலிருந்து வரும், பாலுக்கு வரும் காசு தீவனக் கடைக்கே போகும், கடன் தவணை மட்டும் உங்கள் தலையில் நிற்கும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் புல் நறுக்கும் இயந்திரத்துக்கும் வைக்கோல் வைக்க ஒரு கொட்டகைக்கும் வாங்குங்கள். நறுக்கிப் போட்டாலே வீணாவது வெகுவாகக் குறையும், அதுவே ஒரு மாட்டுத் தீவனத்துக்கு வரும். அடுத்த கோடையை வைக்கோல் வாங்க ஓடாமல் தாண்டிவிட்டீர்கள் என்றால் அப்போது ஒரு கிடேரி பிடிப்பதைப் பற்றிப் பேசலாம்.

இப்போதைக்குக் கரணை எதுவும் நடாதீர்கள், பங்குனி வெயிலில் நட்டால் தண்ணீர் கட்டியே ஓய்ந்துபோவீர்கள். இந்த இரண்டு மாதத்தில் குழி எடுக்கும் இடத்தைப் பாருங்கள், வரப்புக்கு அகத்தி விதையும் கிளைரிசிடியா போத்தும் சொல்லி வையுங்கள், இருக்கும் எருவைக் கொல்லையில் கொட்டுங்கள். முதல் வேலையாக நாளைக் காலையில் அந்த ட்ரம்மை வையுங்கள். மோட்டார் போட்டதும் ஒரு தடவை, நாலு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை, இரண்டு முறையும் எத்தனை நிமிடம் ஆனது என்று இங்கேயே எழுதுங்கள். ஐந்து நிமிடம் என்று நான் வைத்துக்கொண்டது ஊகம்தான். எட்டு நிமிடம் என்று வந்தால் நேப்பியரை 30 சென்டாகக் குறைத்து, மற்றதை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.